ஸ்கிரிப்ட் ஓடாவிட்டாலும் பக்கம் பேச வேண்டும்

சிங்கப்பூரின் தோ பாயோவில் அம்மா வீட்டுக்கு நேர் கீழ்மாடியில் ஓர் அங்கிள் இருக்கிறார். கண் அழுத்த நோயில் பார்வை போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. கணினியில் என்னைவிட வேகம். திரையில் இருப்பதைக் குரலாகப் படிக்கும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானைக் காதில் ஓடவிட்டு, நமக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத வேகத்தில் கேட்டுக்கொண்டே செய்தி படிப்பார், மின்னஞ்சல் அனுப்புவார், பேத்திக்குப் பள்ளி விவரம் தேடுவார். போன வருடக் கடைசியில், அந்தப் பேத்தியைத் தமிழ் வகுப்பில் சேர்க்க இணையப் படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, எல்லாம் போட்டு முடிச்சிட்டேன். அனுப்புற பட்டன்தான் இந்தப் பக்கத்துல இல்ல. கொஞ்சம் வந்து பாரேன்.”

போய்ப் பார்த்தேன். பட்டன் இருந்தது. திரையின் நடுவில், ஆரஞ்சு நிறத்தில், உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. அங்கிள் மறுபடி ஒருமுறை தேடிக் காட்டினார். என்விடிஏவில் பி எழுத்தை அழுத்தினால் பக்கத்தில் அடுத்து இருக்கும் பட்டனுக்குத் தாவும். அவர் அழுத்தினார், அடுத்த பட்டன் எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் குரல் சொன்னது. டேப் விசையை அழுத்திப் பார்த்தார். பெயர், பிறந்த தேதி, தொலைபேசி எண் என்று கட்டம் கட்டமாக நின்றுகொண்டே வந்தது, ஆரஞ்சு நிறத்தைத் தாண்டி நேராகப் பக்கத்தின் அடிக்குப் போய்விட்டது. அவர் சொன்னதுதான் சரி. அந்தப் பக்கத்தில் பட்டன் இல்லை. பட்டன் மாதிரி வண்ணம் பூசிய ஒரு பெட்டி இருந்தது, அவ்வளவுதான்.

இது எப்படி நடக்கிறது என்று பார்க்க, இணையப்பக்கம் எப்படிக் கட்டப்படுகிறது என்பதிலிருந்து வர வேண்டும். அடியில் இருப்பது எச்டிஎம்எல். இது தலைப்பு, இது பத்தி, இது சுட்டி, இது பட்டன் என்று ஒவ்வொன்றும் என்ன என்பதை அது சொல்கிறது. அதன்மேல் சிஎஸ்எஸ் வந்து நிறமும் அளவும் இடமும் கொடுக்கிறது. அதற்கும் மேல் ஜாவாஸ்கிரிப்ட், சுருக்கமாக ஸ்கிரிப்ட், வந்து அசைவையும் வேலையையும் சேர்க்கிறது. திரைவாசிப்பான் பெரும்பாலும் அடித்தளத்தைத்தான் நம்புகிறது. ஆரஞ்சு நிறம் அதற்கு ஒரு பொருட்டில்லை. எச்டிஎம்எல் பட்டன் என்று சொன்னால்தான் அதற்குப் பட்டன்.

எச்டிஎம்எல்லில் பட்டனுக்கென்றே ஒரு குறிச்சொல் இருக்கிறது. அதைப் போட்டால் டேப் விசை அதில் நிற்கும். என்டர் விசையும் இடைவெளி விசையும் அதை அழுத்தும். திரைவாசிப்பான் ‘பட்டன்’ என்று சொல்லும். படிவத்துக்குள் இருந்தால் ஒரு வரி ஸ்கிரிப்ட்கூட இல்லாமல் படிவத்தை அனுப்பிவிடும். இவ்வளவும் இலவசம். அந்த வகுப்புப் படிவத்தைச் செய்தவர் அதை விட்டுவிட்டு, ‘டிவ்’ என்ற எந்தப் பொருளும் இல்லாத பெட்டியை எடுத்து, அதற்கு நிறம் பூசி, சுட்டெலி அழுத்தும்போது ஓட ஸ்கிரிப்ட் எழுதியிருந்தார். அந்தப் பெட்டியை நிஜப் பட்டன் அளவுக்குக் கொண்டுவர அது பட்டன் என்று தனியாக அறிவிக்க வேண்டும், டேப் நிற்கச் செய்ய வேண்டும், என்டருக்கும் இடைவெளிக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். இத்தனையும் செய்து முடித்தால் கிடைப்பது, முதலிலேயே சும்மா கிடைத்திருக்கக்கூடிய அதே பட்டன்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ‘பார்வையற்றவர்களின் உலாவியில் ஸ்கிரிப்ட் ஓடாது, அதனால்தான் ஸ்கிரிப்ட் இல்லாமலும் தளம் இயங்க வேண்டும்’ என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் காலம் கடந்துவிட்டது. இணைய அணுகலுக்காக 1999 மே மாதம் வந்த முதல் டபிள்யூசிஏஜி வழிகாட்டியில் அப்படி ஒரு விதி இருந்தது உண்மை. ஸ்கிரிப்ட்டை அணைத்தாலும் பக்கம் பயன்பட வேண்டும், முடியாவிட்டால் அதே தகவலை மாற்றுப் பக்கத்தில் தர வேண்டும் என்று அது கேட்டது. அன்றைய திரைவாசிப்பான்கள் ஸ்கிரிப்ட்டோடு மல்லுக்கட்டிய காலம். 2008 டிசம்பரில் இரண்டாம் பதிப்பு வந்தபோது அந்த விதி போய்விட்டது. பயனர்களின் கருவிகள் ஒரு தொழில்நுட்பத்தைத் தாங்குமென்றால் அதைப் பயன்படுத்தலாம், அணுகும்படி செய்தால் போதும் என்றாகிவிட்டது. 2012இல் வெப்எய்ம் என்ற அமெரிக்க அமைப்பு திரைவாசிப்பான் பயனர்களிடம் நடத்திய கருத்தாய்வில், 98.6 விழுக்காட்டினரின் உலாவியில் ஸ்கிரிப்ட் இயக்கத்தில் இருந்தது. அங்கிளின் உலாவியிலும் ஓடத்தான் செய்கிறது.

அப்படியானால் ஸ்கிரிப்ட் இல்லாத உலாவியைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? எனக்குத் தெரிந்து இதற்குக் கிடைத்த மிகத் தெளிவான பதில் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் மின்னிலக்கச் சேவைப் பிரிவு 2013இல் செய்த சோதனை. தங்கள் தளத்துக்கு வருபவர்களில் எத்தனை பேருக்கு ஸ்கிரிப்ட் போய்ச் சேரவில்லை என்று எண்ணிப் பார்த்தார்கள். 1.1 விழுக்காடு, அதாவது 93 பேரில் ஒருவர். எண்ணிக்கை சின்னதுதான். அதைப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் வந்தது. ஸ்கிரிப்ட்டை அணைத்தவர்களும் ஸ்கிரிப்ட் ஓடாத உலாவி வைத்திருந்தவர்களும் சேர்ந்தே 0.2 விழுக்காடுதான். மீதி 0.9 விழுக்காட்டினரின் உலாவி ஸ்கிரிப்ட் ஓடக்கூடியது, அவர்கள் எதையும் அணைக்கவும் இல்லை. ஆனாலும் அது ஓடவில்லை.

ஏன் ஓடவில்லை என்பதற்கு நம் அன்றாடத்திலேயே காரணங்கள் இருக்கின்றன. எம்ஆர்டி ரயிலில் சுரங்கத்தில் போகும்போது பக்கம் பாதி இறங்கி, ஸ்கிரிப்ட் கோப்பு வருவதற்குள் இணைப்பு அறுந்துபோகலாம். அலுவலகத்தின் பாதுகாப்பு வடிகட்டி அதைத் தடுக்கலாம். உலாவியில் போட்டிருக்கும் விளம்பரத் தடுப்பான் விளம்பரத்தோடு சேர்த்து வேறொன்றையும் விழுங்கலாம். 2014 ஜனவரியில் பிரிட்டனின் பெரிய இணையச் சேவை நிறுவனம் ஒன்றில், பிள்ளைகளுக்கான வடிகட்டி ஜேகுவெரி என்ற மிகப் பரவலான ஸ்கிரிப்ட் தொகுப்பு இருக்கும் முகவரியைத் தவறுதலாகத் தடுத்துவிட்டது. அதை நம்பியிருந்த தளங்கள், தங்கள் பக்கம் எந்தத் தவறும் இல்லாமலே அந்த வாடிக்கையாளர்களுக்கு முடங்கின.

அப்புறம் பழைய கைப்பேசி. பிள்ளைகள் புதிது வாங்கியதும் பழையது தாத்தா பாட்டிக்குப் போவது நம் வீடுகளில் வழக்கம். அதில் உலாவி பழையதாக இருக்கும். ஸ்கிரிப்ட் மொழியில் 2020இல் கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்த ஒரு குறியீடு புதிதாக வந்தது. அதைத் தெரியாத உலாவி அந்த ஓர் இடத்தில் இடறினால் அந்த வரியோடு நிற்காது, முழுக் கோப்பையும் தள்ளிவிடும். எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் அப்படி இல்லை. தெரியாத குறிச்சொல் வந்தால் உலாவி அதைக் கண்டுகொள்ளாமல் உள்ளே இருக்கும் எழுத்தைக் காட்டும். புரியாத சிஎஸ்எஸ் வரியைத் தாண்டிப் போய் அடுத்ததை எடுத்துக்கொள்ளும். மூன்று அடுக்கில் ஸ்கிரிப்ட்தான் எளிதில் முறியக்கூடியது. எளிதில் முறிவதை மேலே வைக்கலாம், அதன்மேல் வீட்டைக் கட்டக்கூடாது.

ஆனால் பத்துப் பன்னிரண்டு வருடங்களாகப் பல தளங்கள் அப்படித்தான் கட்டப்படுகின்றன. சர்வரிலிருந்து, அதாவது தளம் இருக்கும் கணினியிலிருந்து, வருவது ஏறக்குறைய வெறும் தாள். தலைப்பு, பத்தி, படிவம் எல்லாவற்றையும் ஸ்கிரிப்ட் வந்துதான் உண்டாக்க வேண்டும். அது வராவிட்டால் வெள்ளைத் திரை. ‘நோஸ்கிரிப்ட்’ குறிச்சொல்லில் ‘ஜாவாஸ்கிரிப்ட்டை இயக்கவும்’ என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கடமை முடிந்ததாக நினைக்கிறார்கள். அந்தக் குறிச்சொல் ஸ்கிரிப்ட் அணைக்கப்பட்டிருந்தால்தான் தெரியும். ஸ்கிரிப்ட் இயக்கத்தில் இருந்து, கோப்பு மட்டும் வராமலோ உடைந்தோ போனால் அந்த வரிகூட வராது. பிரிட்டிஷ் கணக்குப்படி பார்த்தால், அந்த அறிவிப்பு போய்ச் சேர்வது 0.2 விழுக்காட்டினருக்கு. 0.9 விழுக்காட்டினர் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள், என்ன ஆனது என்று சொல்ல ஆள் இல்லாமல்.

இதற்கு மாற்றான வழிக்கு 2003இல் ஸ்டீவ் சாம்பியன், நிக் ஃபிங்க் என்ற இருவர் ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் படிப்படியான மேம்பாடு என்று சொல்லலாம். முதலில் எச்டிஎம்எல்லில் விஷயம் முழுக்க இருக்க வேண்டும், வேலையும் முடிய வேண்டும். அதன்பின் தோற்றம், அதன்பின் ஸ்கிரிப்ட். மேலே உள்ளது விழுந்தால் கீழே உள்ளது நிற்கும்.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க நான் அரசாங்கம் வீடுகளுக்குத் தரும் சிடிசி பற்றுச்சீட்டைத்தான் சொல்வேன். சிங்பாஸ் என்ற மின்னிலக்க அடையாளத்தை வைத்து எடுத்துக்கொண்டால் கைப்பேசிக்கு ஓர் இணைப்பு வருகிறது. உணவங்காடி நிலையத்தில் கடைக்காரர் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்கிறார், முடிந்தது. கைப்பேசி இல்லாத பாட்டிக்கு? சமூக மன்றத்துக்குப் போனால் அதைத் தாளில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். அந்தத் தாளிலும் அதே குறியீடு, கடைக்காரருக்கும் அதே ஸ்கேன். பாட்டிக்கென்று தனி வரிசையோ தரம் குறைந்த வேறொரு சலுகையோ இல்லை. நல்ல இணையப் படிவமும் இதே முறையில் வேலை செய்யும். ஸ்கிரிப்ட் இருந்தால் பிறந்த தேதியைத் தவறாகப் போட்ட அந்த நொடியே சொல்லும். இல்லாவிட்டால், அனுப்பு என்று அழுத்தியபின் உலாவி விவரங்களைத் திரட்டி சர்வருக்கு அனுப்பும், சர்வர் சரிபார்த்துத் தவறைக் குறித்து அதே பக்கத்தைத் திருப்பி அனுப்பும். ஒரு முறை கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், ஆனால் வேலை முடிந்துவிடும். இணையம் 1990களில் இப்படித்தான் இயங்கியது, இன்றைய உலாவி ஒவ்வொன்றும் இதை இன்னும் செய்கிறது.

ஸ்கிரிப்ட்டே ஓடாத உலாவிகளும் இல்லாமல் இல்லை. கேன்சஸ் பல்கலைக்கழகத்தில் 1992இல் பிறந்த லிங்க்ஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது. வெறும் எழுத்தாக மட்டும் பக்கத்தைக் காட்டும். அடையாளத்தை மறைக்க உதவும் டோர் உலாவியில் மிக உயர்ந்த பாதுகாப்பு நிலையைத் தேர்ந்தால் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். அதைத் தேர்பவர்களுக்கு அதற்கான காரணம் இருக்கும். நாம் தினமும் பார்க்கும் ஒன்றையும் சொல்லலாம். வாட்ஸ்அப் குழுவில் ஒரு முகவரியைப் போட்டதும் கீழே தலைப்பும் படமுமாகச் சின்ன அட்டை வருகிறதே, அது பக்கத்தின் எச்டிஎம்எல்லை மட்டும் படித்து உருவாவது. ஸ்கிரிப்ட்டை ஓட்டிப் பார்ப்பதில்லை. வெறும் தாளை அனுப்பும் தளத்துக்கு அங்கேயும் வெறும் அட்டைதான்.

அங்கிளின் பட்டனுக்கும் வெள்ளைத் திரைக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். இரண்டிலும் குற்றம் ஒன்றேதான். பொருள் அடித்தளத்தில் இல்லை, தோற்றத்தில் மட்டும் இருக்கிறது. தமிழர்களாகிய நாம் இதை ஒருமுறை மிகப் பெரிய அளவில் அனுபவித்தவர்கள். பாமினி எழுத்துருவை நினைத்துப் பாருங்கள். அதில் ‘அம்மா’ என்று தட்டச்சு செய்தால் திரையில் அழகாக அம்மா தெரியும். கோப்புக்குள் கிடப்பது ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச். எழுத்துரு இருக்கும்வரை கண்ணுக்கு அம்மா. அது இல்லாத கணினியில் குப்பை. திரைவாசிப்பானுக்கோ எந்தக் கணினியிலும் அது அம்மா ஆகாது, அந்த ஆங்கில எழுத்துகள்தான். ஆரஞ்சுப் பெட்டி கண்ணுக்கு மட்டும் பட்டனாக இருந்ததுபோல, அது கண்ணுக்கு மட்டும் தமிழ்.

இந்த ஊருக்கு அந்தக் கதையில் தனி இடம் உண்டு. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றிய திட்டத்தை அதிபர் ஓங் தெங் சியோங் தொடங்கிவைத்தார். இணையத்தில் தமிழ் கண்ட முதல் தடங்களில் அது ஒன்று. அதில் தமிழுக்காக உழைத்தவர் தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. ஆளுக்கோர் எழுத்துரு, ஆளுக்கொரு விசைப்பலகை என்று கிடந்த காலத்தில், எல்லோரையும் ஓரிடத்தில் உட்கார வைத்துப் பேசும் முதல் மாநாட்டை 1997 மே மாதம் இங்கே நடத்தினார். 1999இல் அவர் மறைந்தார். அடுத்த வருடம் இங்கே நடந்த தமிழ் இணைய மாநாட்டில் தமிழ்க் கணிமைக்கான உத்தமம் அமைப்பு உருவானது. பிறகு எழுத்துகளுக்கு எங்கும் மாறாத எண் தரும் யூனிகோடு பரவி, எழுத்துரு மாறினாலும் ‘அ’ அகரமாகவே இருக்கும் நிலை வந்தது. இன்று அங்கிள் தமிழ்ச் செய்தியைக் காதால் படிக்கிறார் என்றால் அது அவ்வளவு பேர் சண்டை போட்டு, சமாதானமாகி, உட்கார்ந்து உழைத்ததன் பலன்.

அந்தப் பலனை நாமே வீணடிக்கிறோம் என்பதுதான் எனக்கு வலிக்கிறது. கோயில் திருவிழா, பட்டிமன்றம், இரத்த தானம், துணைப்பாட வகுப்பு என்று நம் அமைப்புகளின் அறிவிப்புகளில் பாதிக்கு மேல் நான் பார்ப்பது சுவரொட்டிப் படமாக. தேதி, நேரம், இடம் எல்லாம் படத்துக்குள். இணையப்பக்கத்திலும் அதே படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, படத்தில் இருப்பதைச் சொல்லும் மாற்று எழுத்து எதுவும் தருவதில்லை. திரைவாசிப்பான் அந்த இடத்தில் ‘படம்’ என்று சொல்லி நகர்ந்துவிடும், அல்லது கோப்பின் பெயரை எண் எண்ணாக வாசிக்கும். சுவரொட்டி இருக்கட்டும், அழகாகத்தான் இருக்கிறது. அதன் கீழே அதே விவரத்தை நான்கு வரி எழுத்தாகப் போட ஐந்து நிமிடம் ஆகுமா?

இன்னொன்று, பக்கத்தின் மொழியை அறிவிப்பது. எச்டிஎம்எல்லின் தொடக்கக் குறிச்சொல்லில் இது தமிழ்ப் பக்கம் என்று சொல்ல ஒரு பண்பு இருக்கிறது. பல தமிழ்த் தளங்களில் அது ஆங்கிலம் என்றே கிடக்கும், வார்ப்புருவோடு வந்ததை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். விளைவு, ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்க வரும். சில குரல்கள் தமிழ் எழுத்தை மொத்தமாகத் தாண்டிவிடும். ஒரு முழுக் கட்டுரையில் எண்களும் ஆங்கிலப் பெயர்களும் மட்டும் கேட்கும். இது தமிழுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. வெப்எய்ம் ஒவ்வொரு வருடமும் பத்து லட்சம் தளங்களின் முகப்புப் பக்கத்தைத் தானியங்கிக் கருவியால் சோதிக்கிறது. 2025இல் 94.8 விழுக்காட்டுப் பக்கங்களில் கண்டுபிடிக்கக்கூடிய பிழை இருந்தது. வருடா வருடம் முன்னால் நிற்பவை அதே ஆறு: மங்கலான எழுத்து, மாற்று எழுத்து இல்லாத படம், பெயரில்லாத படிவக் கட்டம், வெற்றுச் சுட்டி, வெற்றுப் பட்டன், மொழி அறிவிக்காத பக்கம். இவற்றைச் சரிசெய்யப் பெரிய பணமோ பெரிய நிபுணரோ வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது? உடற்குறையுள்ளோர் உரிமைகளுக்கான ஐக்கிய நாட்டு உடன்படிக்கையை சிங்கப்பூர் 2013 ஜூலையில் ஏற்று உறுதிசெய்தது. அதன் ஒன்பதாம் பிரிவு அணுகலைப் பற்றியது, இணையமும் அதில் அடங்கும். அரசாங்கத் தளங்களுக்குத் தரநிலைகள் இருக்கின்றன. அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பான கவ்டெக் தன் சோதனைக் கருவியை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி மூலநிரலோடு வெளியிட்டிருக்கிறது. நம் சங்கங்களும் கடைகளும் வகுப்புகளும் நடத்தும் சின்னத் தளங்களுக்கு அதையெல்லாம் யாரும் வந்து சோதிக்கப்போவதில்லை. நடத்துபவர்களே பார்த்தால்தான் உண்டு.

பார்ப்பதும் கடினமில்லை. உலாவியின் அமைப்புகளில் ஸ்கிரிப்ட்டை அணைத்துவிட்டு உங்கள் பக்கத்தைத் திறந்து பாருங்கள். முகவரியும் நேரமும் தொலைபேசி எண்ணும் தெரிகின்றனவா, படிவம் போகிறதா? சுட்டெலியை ஒதுக்கி வைத்து டேப் விசையால் மட்டும் படிவத்தை முடித்துப் பாருங்கள். என்விடிஏ இலவசம். ஒரு மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு அதோடு உட்கார்ந்தால், இந்தக் கட்டுரை சொல்லாத பலவும் தெரிந்துவிடும்.

ஸ்கிரிப்ட் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அசையும் வரைபடம், உடனுக்குடன் மாறும் பேருந்து நேரம், குரல் அழைப்பு, இதெல்லாம் அது இல்லாமல் நடக்காது. ஒழுங்காக எழுதினால் அதுவே அணுகலுக்கும் உதவும். படிவத்தில் பிழை வந்தால் கவனத்தை நேராக அந்தக் கட்டத்துக்குக் கொண்டுபோக, பக்கத்தின் ஒரு பகுதி மட்டும் மாறும்போது அதைத் திரைவாசிப்பானுக்கு அறிவிக்க ஸ்கிரிப்ட்தான் வர வேண்டும். பக்கத்தை சர்வரிலேயே முழுதாகக் கட்டி அனுப்பி, ஸ்கிரிப்ட்டை அதன்மேல் ஏற்றும் முறைக்குப் புதிய கருவிகளும் திரும்பிக்கொண்டிருக்கின்றன. அதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

தமிழ் வகுப்பை நடத்துபவர்கள் நல்லவர்கள். விஷயத்தை எடுத்துச் சொன்னதும் படிவத்தை மாற்ற என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். டிவ் பெட்டி போய் நிஜப் பட்டன் வந்தது, கட்டங்களுக்குப் பெயர் வந்தது, தவறாகப் போட்டால் சர்வரே திருப்பிச் சொல்கிறது, தொடக்கக் குறிச்சொல்லில் மொழி தமிழ் என்று மாறியது. இரண்டு மாலை வேலை. அடுத்த பதிவுக்கு அங்கிள் யாரையும் கூப்பிடவில்லை. “முடிஞ்சிருச்சு தம்பி, நாலு நிமிஷம்கூட ஆகல” என்று புளோக்கின் கீழ்த்தளத்தில், வாய்ட் டெக்கில், பார்த்தபோது சொன்னார்.

ஆனால் கட்டணம் செலுத்தும் பக்கம் வேறொரு நிறுவனத்துடையது. அங்கே இன்னும் ஆரஞ்சுப் பெட்டி மாதிரி ஒன்றுதான் இருக்கிறது. நிறம் மட்டும் நீலம். அந்த இடம் வந்ததும் அங்கிள் பேத்தியைக் கூப்பிடுகிறார், அவள் வந்து அழுத்திவிட்டுப் போகிறாள். என்ன மாற்ற வேண்டும் என்பதைப் படத்தோடும் நிரல் வரியோடும் அந்த நிறுவனத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். அடுத்த தவணை ஜூனில்.